தோள் பதிமூன்றரை

2025 ஜூன் 24, செவ்வாய்

கோர்ட்டிலிருந்து வந்து கறுப்புக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை, வாசலில் ஓர் அம்மாவும் மகளும் நின்றிருந்தார்கள். கே.கே. நகர் ஆபீசுக்கு இந்த நேரத்தில் வருகிறவர்கள் பெரும்பாலும் சொத்துத் தகராறோடு வருவார்கள். கையில் பத்திரப் பை இருக்கும். இவர்களிடம் பை இல்லை. அம்மா செல்போனை முந்தானை நுனியில் முடிந்து வைத்திருந்தார். முடிச்சை அவிழ்த்து, போனை மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டு, "நீங்க பாருங்கம்மா, நாங்க அங்கிட்டுத் திரும்பிக்கிறோம்" என்றார்.

பார்த்தேன். கல்யாண வீட்டு முகம். நெற்றியில் சின்னப் பொட்டு, காதில் ஜிமிக்கி, தலையில் மல்லிகை. கழுத்துக்குக் கீழே உடை இல்லை. பூச்சரம் வலது தோளில் விழும் இடத்தில் தோலோடு குழைந்து போயிருக்கிறது. இடது காது ஜிமிக்கி முழுசாக இருக்கிறது, வலது காதில் பாதிதான். கம்ப்யூட்டர் செய்த வேலை என்பது அந்த இரண்டு இடத்தில் தெரிகிறது. ஆனால் இப்படிப்பட்ட படத்தில் யார் காதைப் பார்க்கப் போகிறார்கள்?

பெண் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு, 19 வயது. பெயரை இந்த நோட்டிலும் எழுதப் போவதில்லை. ஏப்ரலில் சித்தி மகள் கல்யாணத்தில் பட்டுப்புடவையில் எடுத்த படத்தை ஸ்டேட்டஸில் வைத்திருக்கிறாள். இருந்தது ஒரு நாள். போன வெள்ளி இரவு, வகுப்புப் பையன்கள் 40 பேர் இருக்கிற குழுவில் இது வந்திருக்கிறது. அதில் ஒருவன் மட்டும் சனிக்கிழமை காலையில் அவளுக்குப் போன் செய்து சொன்னான். அனுப்பியவனையும் இவனையும் கழித்தால் மீதி 38 பேர். ஒருத்தர் வாயும் திறக்கவில்லை.

அம்மாவுக்குத் தையல் தொழில். வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறார். படபடவென்று பேசுவார் என்று நினைத்தேன், நிதானமாகச் சொன்னார்: "எம்பிள்ளைக்குத் தோள் பதிமூணரை இஞ்சும்மா. பொறந்ததுலருந்து அவ போட்ட அத்தனையும் நான் தச்சது. இந்தப் படத்துல இருக்கிறவளுக்குப் பதினஞ்சுக்குக் கொறையாது. எடது தோள்ல இவளுக்கு இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு இருக்கு, ஆறாப்பு படிக்கையில பட்டது. இதுல எங்க இருக்கு? ஒட்டுப் போட்ட துணி எனக்குத் தெரியாதா?"

மகள் ஒரு வார்த்தை பேசவில்லை. காது மடலையே தடவிக்கொண்டிருந்தாள். காதில் ஒன்றும் இல்லை, ஓட்டை தூர்ந்துவிடாமல் வேப்பங்குச்சி.

போனில் எதையும் அழிக்கக் கூடாது என்று முதலில் சொன்னேன். அண்ணன்காரன் அவன் போனுக்கு வந்ததை ஆத்திரத்தில் அழித்துவிட்டானாம். எல்லா வீட்டிலும் இதுதான் நடக்கிறது. குழுவின் பெயர், அனுப்பிய எண், தேதி, நேரம் தெரிகிற மாதிரி அந்த நல்ல பையன் எடுத்த ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது. அது போதும். சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் போட்டோம். சைபர்கிரைம் போர்ட்டலில் பெண்கள், குழந்தைகள் பகுதியில் என் கம்ப்யூட்டரிலிருந்தே புகாரைப் பதிந்தோம்.

கிளம்பும்போது அம்மாவைத் தனியாக நிறுத்தி, இன்று ராத்திரி பிள்ளை பக்கத்திலேயே படுத்துக்கொள்ளுங்கள், அறைக்கதவைத் தாழ்போட விடாதீர்கள் என்றேன். புரிந்துகொண்டு தலையாட்டினார். 2016 ஜூனில் சேலம் மாவட்டத்தில் ஒரு பெண்ணை இப்படித்தான் இழந்தோம். ஃபேஸ்புக்கில் மார்பிங் படம். புகார் கொடுத்து நாலைந்து நாள்கூட ஆகவில்லை. ஒன்பது வருஷம் ஆகியும், இப்படி ஒரு பெண் எதிரே வந்து உட்காரும்போதெல்லாம் எனக்கு முதலில் வருவது அந்த நினைப்புதான்.

ஜூன் 25, புதன்

ஸ்டேஷன். எந்த ஸ்டேஷன் என்று எழுத வேண்டாம். எழுத்தர் போனை வாங்கிப் பார்த்தார். பக்கத்து மேஜைக்காரரும் எட்டிப் பார்த்தார். பிறகு எழுந்து வந்த ஒருவர் கேட்டார்: "இது ஒரிஜினலா, எடிட்டா?"

எடிட் என்றேன்.

"அப்ப பிரச்சினை இல்லையே மேடம். ஒரிஜினலா இருந்தாத்தான் கேஸு ஸ்ட்ராங்கு."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆறுதலாகத்தான் சொன்னார். அதுதான் என்னை உலுக்கிவிட்டது. அந்தப் பெண் முகத்தைத் தரையிலிருந்து எடுக்கவே இல்லை. அவள் முன்னாலேயே போன் நாலு கை மாறிவிட்டது. மானபங்கம் சம்பந்தமான பிரிவு வருகிற புகாரைப் பெண் அதிகாரிதான் எழுதிக்கொள்ள வேண்டும் என்று புதிய நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவு சொல்கிறது. சொன்னேன். "லேடி எஸ்.ஐ. பந்தோபஸ்துக்குப் போயிருக்காங்க" என்றார்கள். எஃப்.ஐ.ஆர். இல்லை, சி.எஸ்.ஆர். ரசீது ஒன்று கையில் கொடுத்து அனுப்பினார்கள். மூன்று வருஷமோ அதற்கு மேலோ, ஆனால் ஏழு வருஷத்துக்குள் தண்டனை உள்ள குற்றம் என்றால், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாள் முன்விசாரணை செய்யலாம் என்று அதே 173-இல் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அந்த வழியைக் காட்டினார்கள். 14 நாள்! இந்தப் படம் 14 நிமிஷத்தில் எத்தனை போனுக்குப் போகும்.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றபோது பெண் முதல்முறையாகப் பேசினாள். "என் போனை இனிமே அவங்க கையில குடுக்கணுமா மேடம்?"

ஜூன் 26, வியாழன்

மேலதிகாரியைப் போய்ப் பார்த்தோம். பேச்சே மாறிவிட்டது. ஒரு பெண் இன்ஸ்பெக்டரிடம் விசாரணையை ஒப்படைத்தார். ஐ.டி. சட்டக் குற்றங்களை இன்ஸ்பெக்டருக்குக் குறையாதவர்தான் விசாரிக்க வேண்டும், 78-ஆம் பிரிவு. இந்த அம்மா படத்தை ஒரே தடவை பார்த்தார், உறையில் போட்டு ஒட்டினார், பெண்ணுக்கு டீ வரவழைத்தார். பெரிய காரியம் ஒன்றுமில்லை இது. ஆனால் நேற்று ஒருத்தர்கூடச் செய்யவில்லையே.

அப்புறம் எந்தெந்தப் பிரிவு போடுவது என்று இன்ஸ்பெக்டர் அம்மாவும் நானும் உட்கார்ந்தோம். மத்தியானம் ஒன்றரை மணி வரை ஆனது.

அந்தரங்கத்தை மீறும் குற்றத்துக்கென்றே ஐ.டி. சட்டத்தில் 66இ இருக்கிறது. ஒருவருடைய அந்தரங்க உறுப்பின் படத்தை அவர் சம்மதம் இல்லாமல் எடுத்தாலோ வெளியிட்டாலோ அனுப்பினாலோ மூன்று வருஷம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். சம்மதம் என்ற சொல் வருகிற பிரிவு. நமக்கு வேண்டியது இதுதான் என்று தோன்றும். ஆனால் அந்தப் பிரிவு கேட்பது அவருடைய உடம்பின் படத்தை. இந்தப் படத்தில் உடம்பு இவளுடையது இல்லை. புதிய தண்டனைச் சட்டமான நியாய சன்ஹிதாவின் 77-உம் அப்படியே: தனிமையில் இருக்கும் பெண்ணைப் பார்ப்பது, படம் எடுப்பது, அதைப் பரப்புவது. இவளை யாரும் எட்டிப் பார்க்கவில்லை, படம் எடுக்கவும் இல்லை.

பெண்ணின் அம்மா சொன்ன தழும்பும் பதிமூன்றரை இஞ்சும் அப்போதுதான் எனக்கு உறைத்தது. சொந்தக்காரர்கள் முன்னால் அந்தப் பிள்ளையைத் தலை நிமிர வைக்கிற சாட்சி அது. அதே சாட்சியை எதிர்த்தரப்பு வக்கீல் எடுத்துக்கொண்டு 66இ-யை ஒரே நிமிஷத்தில் காலி செய்துவிடலாம். "யுவர் ஆனர், புகார்தாரரின் தாயாரே ஒத்துக்கொள்கிறார், இது புகார்தாரரின் உடல் அல்ல" என்பார். நானே எதிர்த்தரப்பில் இருந்தாலும் அதைத்தான் சொல்வேன்.

மீதி இருப்பது ஐ.டி. சட்டத்தின் 67, ஆபாசத்தைப் பரப்புவது. பழைய தண்டனைச் சட்டம் 292-இன் வழியில் வந்த பிரிவு. பார்க்கிறவர் மனசு கெட்டுப்போகும் என்பதுதான் அதன் கவலை. படத்தில் இருக்கிறவளைப் பற்றி அதில் ஒரு சொல் கிடையாது. முதல் தடவை தண்டனை மூன்று வருஷம் வரை, ஐந்து லட்சம் அபராதம் வரை, ஜாமீன் கிடைக்கும். 67ஏ போட்டால் ஐந்து வருஷம், பத்து லட்சம், ஜாமீன் எளிதில் வராது. ஆனால் அதற்குப் படத்தில் பாலியல் செய்கை இருக்க வேண்டும். வெறும் நிர்வாணம் செய்கையா என்று சண்டை வரும். இரண்டும் போட்டோம். நியாய சன்ஹிதா 79, பெண்ணின் மானத்தை அவமதித்தது. மதிப்பைக் கெடுக்கப் பொய் ஆவணம் உண்டாக்கியதற்கு 336(4). என் வற்புறுத்தலில் 66சி. ஒருவருடைய தனி அடையாளத்தை மோசடியாகப் பயன்படுத்துவது. பாஸ்வேர்டு, மின் கையெழுத்துக்காக எழுதிய பிரிவுதான். மனுஷனுக்கு முகத்தைவிடத் தனி அடையாளம் எது என்று இன்ஸ்பெக்டர் அம்மாவைக் கேட்டேன். சிரிக்காமல் எழுதிக்கொண்டார்.

ஜூன் 28, சனி

இன்று முழுக்கப் படத்தை இறக்குகிற வேலை. இரண்டு தளங்களில் போயிருக்கிறது.

2021 ஐ.டி. விதிகளில் 3(2)(பி) என்று ஒன்று உண்டு. பாதிக்கப்பட்டவரோ அவர் சார்பில் யாரோ புகார் கொடுத்தால் 24 மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். நிர்வாணம், பாலியல் செய்கை ஆகியவற்றோடு நிற்காமல், செயற்கையாக உருமாற்றிய படங்களையும் அது பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. ஆக, பொய்ப் படம் என்று ஒன்று இருப்பது இந்த நாட்டுச் சட்டத்துக்குத் தெரியும். படத்தை எடு என்று சொல்ல மட்டும் தெரிகிறது, செய்தவனைப் பிடித்துத் தண்டிக்கும் பிரிவில் அந்தச் சொல் வரவில்லை.

அதை மேற்கோள் காட்டி இரண்டு தளத்துக்கும் அனுப்பினேன். ஒன்று ஆறு மணி நேரத்தில் எடுத்துவிட்டது. இன்னொன்றிலிருந்து தானாக வருகிற பதில்தான் வந்தது.

கூடவே ஸ்டாப் என்சிஐஐ என்கிற இணைய சேவை. 2021 டிசம்பரில் பிரிட்டனில் தொடங்கியது, 18 வயது தாண்டிய யாரும் பயன்படுத்தலாம். படத்தை அவர்களுக்கு அனுப்ப வேண்டியதில்லை. போனிலேயே படத்திலிருந்து ஓர் எண்கோவை கணக்கிடப்படும், ஹாஷ் என்பார்கள். அந்த எண் மட்டும்தான் போகும். சேர்ந்திருக்கும் கம்பெனிகள் தங்களிடம் ஏற்றப்படும் படங்களை அந்த எண்ணோடு ஒப்பிட்டுத் தடுக்கும். "நீ இரு, நான் பண்றேன்" என்றேன். "இல்ல மேடம், நானே" என்றாள். படத்தை மறுபடி பார்க்க வேண்டி வருமே என்று எனக்குத் தயக்கம். அவள் இடது கையைத் திரைமீது வைத்துப் படத்தின் கீழ்ப்பாதியை மறைத்தபடி உட்கார்ந்து, ஜிமிக்கியை மட்டும் பார்த்துக்கொண்டு, பொத்தானை அழுத்தினாள். திரையில் எழுத்தும் எண்ணுமாக நீளமாய் ஒரு வரி. "இதுதானா நான்?" என்று கேட்டாள். அது நீ இல்லைம்மா, அந்தப் படம் என்றேன்.

சாயங்காலம் இன்னொரு ஹாஷ். சாட்சியச் சட்டம் 63(4)-இன் சான்றிதழ். பழைய 65பி இப்போது இரண்டு பகுதியாக வந்திருக்கிறது, ஒன்று நாம் கொடுப்பது, ஒன்று நிபுணர் கொடுப்பது. இரண்டிலும் ஹாஷ் எண் எழுத வேண்டும். இந்த ஹாஷ் வேறு ஜாதி. படத்தில் ஒரு புள்ளி மாறினாலும் எண் அடியோடு மாறிவிடும், கோர்ட்டுக்கு அதுதான் வேண்டும். ஸ்டாப் என்சிஐஐயுடையது ஓரம் வெட்டினாலும் அளவைக் குறைத்தாலும் ஓரளவு தாங்கும், இல்லாவிட்டால் தடுக்க முடியாது. ஒரே படத்தை உலகத்திலிருந்து அழிக்க ஓர் எண், கோர்ட்டுக்காகக் காப்பாற்றி வைக்க ஓர் எண். இரண்டையும் ஒரே நாளில் ஒரே பிள்ளையைக் கொண்டு எழுத வைத்தேன். ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

ஜூன் 29, ஞாயிறு

வெளிநாட்டுச் சட்டங்களை எடுத்து வைத்துக்கொண்டு படித்தேன்.

பிரிட்டன் 2003 பாலியல் குற்றச் சட்டத்துக்குள் 66பி என்று புதிதாக ஒன்றை நுழைத்திருக்கிறது, 2024 ஜனவரி 31 முதல் அமல். அந்தரங்க நிலையைக் காட்டுகிற, அல்லது காட்டுவதுபோலத் தோன்றுகிற படத்தைச் சம்மதமின்றிப் பகிர்ந்தாலே குற்றம். ஏன் பகிர்ந்தான், யாரை நோகடிக்க நினைத்தான் என்று நிரூபிக்க வேண்டியதில்லை. நோகடிக்கும் நோக்கமோ காமமோ இருந்தால் தண்டனை இரண்டு வருஷம் வரை போகும். "காட்டுவதுபோலத் தோன்றுகிற" என்ற அந்தத் துண்டைப் பென்சிலால் மூன்று தடவை அடிக்கோடிட்டேன். தழும்பு இருக்கிறதா, தோள் எத்தனை இஞ்சு என்ற கேள்வியே அங்கே எழாது. ஊருக்கு யாராகத் தோன்றுகிறாள் என்பது மட்டுமே கேள்வி. இப்படிப் படத்தை உருவாக்குவதையே குற்றமாக்கும் சட்டத்துக்கும் அங்கே பத்து நாளைக்கு முன்பு, ஜூன் 19 அன்று, அரச ஒப்புதல் கிடைத்திருக்கிறது.

அமெரிக்காவில் மே 19 அன்று கையெழுத்தான சட்டம் தளங்களுக்கு 48 மணி நேரம் கொடுக்கிறது. பெரியவர்கள் படமென்றால் இரண்டு வருஷம் வரை சிறை, சிறார் படமென்றால் மூன்று. ஆஸ்திரேலியா போன வருஷம் ஆறு வருஷம் என்று எழுதியிருக்கிறது.

தென்கொரியாவில் நின்றுவிட்டேன். போன ஆகஸ்டில் அங்கே பள்ளி, கல்லூரி வாரியாக டெலிகிராம் குழுக்கள் வைத்துக் கூடப் படிக்கிற பெண்களின் படங்களை இப்படிச் செய்தது வெளியே வந்தது. தெருவில் இறங்கிப் போராடினார்கள். செப்டம்பர் 26 அன்று நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. செய்தாலும் பரப்பினாலும் ஏழு வருஷம் வரை. வைத்திருந்தாலும், வாங்கினாலும், பார்த்தாலும்கூட மூன்று வருஷம் வரை, அல்லது மூன்று கோடி வோன் அபராதம்.

பார்த்தவனையும் உள்ளே போடுவதா? இதில் என் மனசு ஒரு பக்கம் நிற்கவில்லை. அந்த 38 பேரை நினைத்தால் கோபம் வருகிறது. ஆனால் கேட்காமலே போனில் வந்து விழுந்ததைப் பார்த்துவிட்டுப் பயந்து அழித்த 19 வயசுப் பையனும் அதில் இருப்பான். அவனையும் வழக்கில் சேர்த்தால் நாளைக்கு இன்னொரு பெண்ணுக்குப் போன் செய்து சொல்ல யார் வருவான்? செய்தவன், அனுப்பியவன், அடுத்தவனுக்கு அனுப்பியவன், இந்த மூன்று பேரை விடக் கூடாது. மற்றவர்களைச் சாட்சியாக்க வேண்டும் என்பது என் நினைப்பு.

ஜூலை 3, வியாழன்

பையன் அகப்பட்டான். அதே வகுப்பு, 20 வயது. ஏழு வருஷத்துக்கு உட்பட்ட குற்றம் என்பதால் கைது இல்லை, நோட்டீஸ் கொடுத்துப் போனைப் பறிமுதல் செய்திருக்கிறார்கள். அவன் பயன்படுத்தியது மெசேஜ் ஆப் ஒன்றில் இருக்கும் பாட். படத்தைப் போட்டால் துணியை உரித்துக் கொடுக்கிறது. டீ, வடைக் காசுதான் ஆகியிருக்கிறது. அவன் போனில் இன்னும் மூன்று பெண்களின் படங்கள் இருந்தனவாம். அவர்களுக்கு இன்னும் தெரியாது.

அந்தக் கடையைத் திறந்து வைத்திருப்பவனை யார் கேட்பது? சான்பிரான்சிஸ்கோ நகர வழக்கறிஞர் டேவிட் சியூ 2024 ஆகஸ்டில் இந்த மாதிரி 16 தளங்கள்மீது வழக்குப் போட்டார். அந்த வருஷத்தின் முதல் ஆறு மாதத்தில் மட்டும் அந்தத் தளங்களுக்கு 20 கோடிக்கு மேல் வருகைகள் என்று சொன்னார். இருபது கோடி. நம் பையனும் அந்த மாதிரி ஒரு வருகைதான்.

சாயங்காலம் அவன் தாய்மாமன் ஊர்ப் பெரியவர் இருவரோடு ஆபீசுக்கு வந்தார். பெண்ணின் அம்மாவும் அப்போது இருந்தார். பையன் அழுகிறான், படிப்பு போய்விடும், ஒரே பிள்ளை என்று ஆரம்பித்தார்கள். அப்புறம் தாய்மாமன் மெதுவாகச் சொன்னார்: "அது உங்க பொண்ணே இல்லேன்னு நீங்கதானம்மா தழும்பெல்லாம் சொல்லிக் குடுத்திருக்கீங்க. உங்க பொண்ணு இல்லேன்னா அப்பறம் கேஸு எதுக்கு?"

நான் வாயைத் திறக்குமுன் அந்த அம்மா சொன்னார்: "படத்துல இருக்கிறது எம்பொண்ணு இல்லண்ணே. ஊரு பேசுறது எம்பொண்ணத்தான்."

அதற்கு மேல் அவர்கள் உட்காரவில்லை.

மூவரும் போன பின் அந்த அம்மா என்னிடம் ஒரு சந்தேகம் கேட்டார். அந்த உடம்பு யாரோ ஒரு பெண்ணுடையதுதானே, அவளுக்குத் தெரியுமா என்று. ஆயிரக்கணக்கான படங்களைப் போட்டு அரைத்துத்தான் இந்த ப்ரோகிராமைச் செய்கிறார்கள், ஒருத்தி என்று சொல்ல முடியாது என்றேன். "அப்ப அத்தன பேரும் யாரு வீட்டுப் பிள்ளைகளோ" என்றார். இத்தனை நாளில் எனக்கு அந்தக் கேள்வி வந்ததில்லை.

ஜூலை 10, வியாழன்

பார் அசோசியேஷனில் இன்று இதே பேச்சு. நேற்று சென்னை ஐகோர்ட்டில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், ஒரு பெண் வக்கீலின் அந்தரங்கப் படங்களை இணையத்திலிருந்து 48 மணி நேரத்துக்குள் அகற்ற மத்திய மின்னணு அமைச்சகத்துக்கு உத்தரவிட்டிருக்கிறார். அது நிஜமாகவே எடுத்த படங்கள், நம்முடையது ஒட்டு. ஆனால் ஒவ்வொரு தளமாக இவள் ஓட வேண்டியதில்லை, இறக்க வேண்டிய பொறுப்பு அரசாங்கத்துக்கு என்று கோர்ட் சொன்னது இரண்டுக்கும் பொருந்தும். டெல்லி ஐகோர்ட் 2023 ஏப்ரலில் சொன்னதும் அந்தத் திசைதான்: ஒரே படத்துக்காகப் பாதிக்கப்பட்டவளைத் திரும்பத் திரும்ப வர வைக்கக் கூடாது. 2021-இல் அதே கோர்ட்டில் இன்னொரு வழக்கு. ஒரு பெண் சமூக ஊடகத்தில் போட்டிருந்த சாதாரணப் படங்களை எடுத்து ஆபாசத் தளத்தில் போட்டிருந்தார்கள். படத்தில் ஆபாசம் எதுவும் இல்லை. சம்மதமில்லாமல் அங்கே கொண்டுபோய் வைத்ததே 67-இன் கீழ் குற்றம் என்றது கோர்ட். நம் வழக்கில் எழுத்து வாதத்தின் முதல் பக்கம் இதுதான்.

67-இல் இந்தியாவிலேயே முதல் தண்டனை நம் சென்னையில்தான் விழுந்தது, 2004 நவம்பர், எழும்பூர் கோர்ட். ஒரு பெண்ணின் பெயரில் யாஹூ குழுவில் அசிங்கமாக எழுதிப் போட்டவனுக்கு. எஃப்.ஐ.ஆர். போட்டு ஏழு மாதத்தில் தீர்ப்பு. நான் அப்போது ஜூனியர். சீனியர் அந்தத் தீர்ப்பைச் சத்தமாக வாசித்துக் காட்டினார். ஏழு மாதம்!

ஜூலை 18, வெள்ளி

இறக்காமல் இருந்த தளம் இறக்கிவிட்டது, இன்ஸ்பெக்டர் அம்மாவின் நோட்டீசுக்குப் பிறகு.

ஆனால் இன்று காலை ஒரு பத்திரிகை நிருபர் போன் செய்து பெண்ணின் பெயரைச் சொல்லியே கேட்டார். எங்கிருந்து கிடைத்தது என்றேன். எஃப்.ஐ.ஆர். என்றார். அச்சிடக் கூடாது என்று கேட்டுக்கொண்டேன், ஒத்துக்கொண்டார், நல்ல மனுஷர். போனை வைத்துவிட்டுச் சட்டத்தைப் புரட்டினேன். பாதிக்கப்பட்டவரின் பெயரை வெளியிடக் கூடாது என்கிற நியாய சன்ஹிதா 72-ஆம் பிரிவு 64 முதல் 71 வரையிலான குற்றங்களுக்கு மட்டும். 79 அதில் இல்லை. ஐ.டி. சட்டமும் இல்லை. அதாவது பெயரைக் காப்பாற்ற வேண்டும் என்பதற்காகவே புகார் கொடுக்க வந்தவளின் பெயரைக் காப்பாற்ற எழுத்தில் ஒன்றும் இல்லை. சென்னை வழக்கிலும் எஃப்.ஐ.ஆரில் அந்த வக்கீலின் பெயர் இருந்ததைப் பார்த்துவிட்டுக் கோர்ட்டே நீக்கச் சொல்லியிருக்கிறது. வீடியோவை அடையாளம் காட்ட வைத்தபோது கூட ஆண் போலீசார் ஏழு பேர் இருந்தார்களாம், அதையும் கோர்ட் கண்டித்திருக்கிறது. படித்ததும் எனக்கு 25-ஆம் தேதி கைமாறிய போன் கண்ணில் வந்தது.

பெயரை நீக்கக் கோரி நாங்களும் மனுப் போடுகிறோம்.

ஆகஸ்ட் 6, புதன்

நடைமுறைச் சட்டம் 183-இன்படி வாக்குமூலம். 79 போட்டதால் மாஜிஸ்திரேட் பதிவு செய்தே ஆக வேண்டும், முடிந்தவரை பெண் மாஜிஸ்திரேட். அப்படியே அமைந்தது. நாம் உள்ளே போக முடியாது. 50 நிமிஷம் வராந்தாவில் அம்மாவும் நானும். அந்த அம்மாவின் விரல்கள் என் கைப்பை ஓரத்தில் பிரிந்திருந்த நூலையே சுருட்டிக்கொண்டிருந்தன.

வெளியே வந்த பெண் தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னாள்: "படத்தைப் பத்திக் கேட்டாங்க. நான் அந்தக் கல்யாணத்துலருந்து ஆரம்பிச்சேன்க்கா. புடவை அம்மா எடுத்தது, ஜாக்கெட் அம்மா தச்சது, ஜிமிக்கி அப்பத்தாவோடது. நான் அப்படித்தான் இருந்தேன், என்னைக் கேக்காம இப்படி ஆக்கிட்டான்னு சொன்னேன். அப்படியே எழுதிக்கிட்டாங்க."

மேடம் இன்று அக்காவாகிவிட்டேன்.

நவம்பர் 14, வெள்ளி

குற்றப்பத்திரிகை நகல் வந்தது. 67ஏ போய்விட்டது, செய்கை இல்லையாம். 66இ-யும் இல்லை, எதிர்பார்த்ததுதான். 67, 66சி, 79, 336(4) நிற்கின்றன. அடுத்தவர்களுக்கு அனுப்பிய மூன்று பேரையும் சேர்த்திருக்கிறார்கள், அதில் எனக்குத் திருப்தி. அந்த 38 பேரில் ஆறு பேர் சாட்சி சொல்ல முன்வந்திருக்கிறார்கள்.

பெண் முழுவதையும் என் எதிரே உட்கார்ந்து படித்தாள். ஒரு மணி நேரம் ஆனது. பிறகு கேட்டாள்: "இதுல ஆபாசம்னு ஒன்பது எடத்துல இருக்கு. என்னைக் கேக்கலைன்னு ஒரு எடத்துலகூட இல்லையேக்கா?" உன் வாக்குமூலத்தில் இருக்கிறதே என்றேன். "அது நான் சொன்னதுதானே" என்றாள்.

சென்னை வழக்கைத் தொடர்ந்து 11-ஆம் தேதி மின்னணு அமைச்சகம் வழிமுறை ஒன்றை வெளியிட்டிருக்கிறது. ஸ்டேஷனுக்குப் போக முடியாதவர்கள் ஒன் ஸ்டாப் சென்டரில் உதவி கேட்கலாம், 24 மணி நேரத்துக்குள் படம் இறங்க வேண்டும், அதே படம் திரும்ப ஏறாமல் ஹாஷ் வைத்துத் தடுக்க வேண்டும். நல்லது. போன வாரம் படம் வேறு ஒரு தளத்தில் மறுபடி வந்தது, அவளே விதி எண்ணைப் போட்டுப் புகார் அனுப்பி இறக்கிவிட்டு, பிறகுதான் என்னிடம் சொன்னாள். ஆனால் இவையெல்லாம் இறக்குவதற்கான வழிகள். குற்றம் என்று எழுத வேண்டிய இடம் நாடாளுமன்றத்தில் இருக்கிறது.

நம் தொகுதி எம்.பி.க்கும் சட்ட அமைச்சகத்துக்கும் மனு எழுத ஆரம்பித்தேன். நீளமாக எழுதினால் படிக்க மாட்டார்கள். இரண்டே கோரிக்கை. ஒன்று, 66இ-யிலும் 77-இலும் நிஜப் படத்தோடு, அவருடையதாகத் தோன்றும்படி செய்த படத்தையும் சேர்க்க வேண்டும். இரண்டு, 72-இன் பெயர்க் காப்பு இந்தக் குற்றங்களுக்கும் வர வேண்டும். ஆங்கிலத்தில் எழுதிவிட்டேன். தமிழில் "தோன்றும்படி" என்ற இடத்தில் பேனா நின்றது. பொய்த்தோற்றம் என்று போட்டால் பொய்தானே என்று விட்டுவிடுவார்கள், அந்த எழுத்தர் விட்ட மாதிரி.

பெண்ணின் அம்மா எனக்குத் தைத்த ஜாக்கெட்டைக் கொடுக்க வந்திருந்தார். வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பாக்கிறவங்க இன்னாருன்னு நம்புற மாதிரி ஒட்டுப் போட்டதுன்னு எழுதுங்கம்மா" என்றார். ஒட்டுப் போட்டது என்பதை மட்டும் "உருவாக்கப்பட்ட" என்று மாற்றி, மீதியை அவர் சொன்னபடியே எழுதியிருக்கிறேன்: "பார்ப்பவர் இன்னார் என்று நம்பும்படி உருவாக்கப்பட்ட படம்."

திங்கட்கிழமை டைப் அடிக்கக் கொடுக்க வேண்டும். கீழே முதல் கையெழுத்து தான்தான் போடுவேன் என்று அந்த அம்மா சொல்லியிருக்கிறார்.